எழுந்து நின்று கேட்டது நான்தான்

புதுப்பட்டினத்தில் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒன்றை முதலில் திருத்திவிடுகிறேன். தலை நரைத்த பிறகு பிரவுசிங் சென்டருக்குப் போய், வெளிநாட்டுத் தொழில்நுட்ப மாநாட்டுப் பேச்சுகளைக் கேட்டுப் புரிந்துகொண்டவள் நான் என்கிறார்கள். விவரம் தெரியாத உன்னையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினேனாம். இரண்டும் பொய். அவர்கள் பேசிய ஆங்கிலம் எனக்குப் புரிந்தது. விஷயம் ஒன்றும் புரியவில்லை. நான் உனக்கு எதையும் விளக்கியதும் இல்லை.

என் மேசைமேல் உன் தம்பியின் பிரவுசிங் சென்டர் ஹெட்போன் இருக்கிறது. சென்டரை மூடியபோது நீ கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாயாம். உன் மறைவுக்குத் துக்கம் விசாரிக்க வந்த என்னிடம் உன் மகள் அதைக் கொடுத்தாள். காதில் படும் பஞ்சில் இன்னும் கிராம்பு மணக்கிறது. எந்நேரமும் கன்னத்தில் ஒன்றை ஒதுக்கிவைத்திருப்பாயே, அதே மணம்.

தொண்ணூறுகளில் நான் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது புதுப்பட்டினத்தில் உங்கள் துணிக்கடையில் பழகினோம். ரவிக்கைத் துணியின் நிறம் பொருந்தவில்லை என்று நான் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தபோது, உன் கணவர் பேசாமல் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீதான் உள்ளேயிருந்து வந்து, "மேடம், என் துணி சரியாத்தான் கீது. உங்க பொடவைய மாத்துங்க" என்றாய். விஞ்ஞானியின் மனைவியிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. அன்றிலிருந்து துணி வாங்காத நாட்களிலும் வந்தேன்.

பிறகு என் கணவர் ஓய்வுபெற்றார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து செங்கல்பட்டுக்குப் போனோம். அவரும் போய்ச் சேர்ந்தார். மகன் அமெரிக்காவில் இருந்தான். செங்கல்பட்டிலும் பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. ஆனால் தெரியாத ஆளிடம் போய் "எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்க எனக்கு வாய் வராது. அதனால் பஸ் ஏறி உன் தம்பியின் சென்டருக்கு வந்தேன். பச்சைத் திரை போட்ட கடைசி அறை. கம்ப்யூட்டரின் தலையில் கண் போல ஒரு கேமரா. அதன்முன் உட்கார்ந்தால் மகன் திரையில் வருவான். நான் கேட்பேன், அவன் பதில் சொல்வான். சில மாதங்கள் அப்படிப் போயின. பிறகு வேலை அதிகம் என்று வருவதை நிறுத்திவிட்டான்.

ஒருநாள் மாநாட்டில் தான் பேசுவதைப் பார்க்கலாம் என்று ஒரு மெயில் மட்டும் வந்தது. கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு வந்தேன். ஒரே ஹெட்போனின் ஒரு பக்கம் உன் காதில், மறுபக்கம் என் காதில். தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். படம் நின்று நின்று ஓடியது.

"பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டா மேடையில் நிற்பது?" என்றேன்.

"அமெரிக்காவுல அப்டி நின்னாத்தான் மதிப்பு மேடம். கம்முனு பாருங்க."

பேச்சு முடிந்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என்னையே நேராகப் பார்த்தான். கேமராதான் இருக்கிறதே! கான்வென்டில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வழக்கப்படி கையை உயர்த்தி, எழுந்து நின்று, "ஏம்ப்பா இளைச்சிட்ட? சாப்பிட்டியா?" என்று கேட்டேன். ஒரு காதை ஹெட்போன் அடைத்திருந்ததால் என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவன் சிரித்தான். ஒரு கணம், என் கேள்விக்குத்தான் சிரிக்கிறான் என்று நம்பினேன். பிறகு அங்கே யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லத் தொடங்கினான். எப்போதோ பேசியதைப் பதிவுசெய்து போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. பச்சைத் திரைக்கு வெளியே சென்டரே சிரித்தது.

நீ என் தோளை அழுத்தி உட்காரவைத்தாய். ஹெட்போனை என் இரு காதிலும் மாட்டிவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாய். நான் தலை நிமிராமல் மகனின் பதில்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ அங்கே என்ன சொன்னாய் என்று எனக்குக் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும், "நான்தான் என்று யாருக்கும் தெரியாதே?" என்றேன்.

"தெரியாது மேடம். தெரிஞ்சாத்தான் இன்னா, ஜெயில்லயா போடுவாங்க? புள்ள இன்னா சொல்றாரு, கேளுங்க."

நான் நம்பினேன். அதன்பிறகும் வந்தேன். அவன் பேசாத பேச்சுகளையும் பார்த்தோம். கேமரா அவ்வப்போது கூட்டத்தின் பக்கம் திரும்புமே, அதற்காக. மேடையில் யாரோ படம் போட்டு விளக்கிக்கொண்டிருப்பார். நாம் உட்கார்ந்திருப்பவர்களின் தலைகளுக்கு நடுவே அவனைத் தேடுவோம். எப்போதும் நீதான் முதலில் கண்டுபிடிப்பாய். "தோ கீறாரு! மூணாவது வரிசை, நீலச் சட்டை. கொட்டாவி உடறாரு பாருங்க." எங்கே என்று நான் கண்ணாடியைத் துடைப்பதற்குள் கேமரா திரும்பிவிடும். நீ அலுக்காமல் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓட்டுவாய். நாம் உள்ளே நுழையும்போதெல்லாம் சென்டரில் இருந்தவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தம்பி கடை, கேலி இருக்கும் என்று விட்டுவிட்டேன். கடைத்தெருவில் எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். அது எனக்கு உரியது என்று நினைத்து உட்கார்ந்தேன்.

துக்க வீட்டில்தான் எல்லாம் தெரிந்தது. அழுது ஓய்ந்த பெண்களிடம் உன் தம்பி சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க அக்கா கம்ப்யூட்டரப் பாத்து 'சாப்டியா'ன்னு கேட்டுச்சே! நாங்க சிரிச்சா வெளிய வந்து சண்ட. 'நான்தான்டா கேட்டேன். எங்க மேடம் புள்ள எளச்சிருந்தா நான் கேக்கக்கூடாதா'ன்னு!"

எல்லோரும் சிரித்துக்கொண்டே அழுதார்கள். உன் சின்னப் பேத்தி எழுந்து சுவரைப் பார்த்துக் கையை உயர்த்தி, "சாப்டியா?" என்று உன்னைப் போல நடித்துக் காட்டினாள். அது நீ இல்லை. அது என் கை.

"கேட்டது அவள் இல்லை. நான்" என்றேன்.

உன் தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த நேரத்துலயும் அவங்கள உட்டுக்குடுக்க மாட்டேன்றீங்க பாருங்க. இந்த மனசு யாருக்கு வரும்?"

மறுபடியும் சொன்னேன். கான்வென்ட் வழக்கத்தையும் விளக்கினேன். சொல்லச் சொல்ல என் மதிப்புக் கூடிக்கொண்டே போனது. கடைசியில் உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போங்க ஆன்ட்டி. அம்மாவே எழுதிக் குடுத்தாத்தான் நம்புவேன்" என்றாள்.

யாரிடமும் எதையும் சும்மா வாங்கிக்கொண்டதில்லை என்று உன்னிடம் எத்தனை முறை பெருமை பேசியிருக்கிறேன். நீ கிராம்பைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாய். அந்த நேரத்தில் உனக்கு எவ்வளவு சிரிப்பு வந்திருக்கும் என்று நினைத்தால் முகம் எரிகிறது. கூட்டத்தில் ஒரு தலையை நொடியில் அடையாளம் காணும் உன்னை உன் பேத்திகள் கம்ப்யூட்டரோடு பேசிய பாட்டியாக நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள். நான் படித்த மேடமாகவே இருக்கப் போகிறேன். ஹெட்போனின் ஒரு பக்கத்தை என் காதில் வைத்துக்கொள்கிறேன். மறுபக்கம் கீழே தொங்குகிறது.

என் பேச்சை அங்கே யாரும் நம்பமாட்டார்கள். அதனால் உன்னையே கேட்கிறேன். அன்று எழுந்து நின்று கேட்டது யார் என்று, உன் மகள் படிக்கும்படி இரண்டு வரி எழுது. என் செங்கல்பட்டு விலாசம் உனக்குத் தெரியும். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்பு.