வளைபந்தால் யாரும் அடிப்பதில்லை

சான் பெத்ரோ,
பிப்ரவரி கடைசி ஞாயிறு

அன்புள்ள மகன் ராதாமேஸுக்கு,

நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும் கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். மெக்சிகோவுக்குக் கிளம்பின அன்று ஆசி கேட்காமலே காரில் ஏறிப் போனாய், இந்த வீட்டிலிருந்து நீ அப்படிப் போனது அதுதான் முதல் தடவை, அவசரம் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இங்கே நானும் உன் மகள் நாயேலியும் நலம், நீயும் அங்கே சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லாமல் இருக்க வேண்டும். நாயேலிக்கு இருமல் விட்டுவிட்டது. பின்பக்கத்துச் சீமைப்பலா இந்த வருஷம் பிஞ்சிலேயே உதிர்கிறது. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் சொல்ல வந்தது இதையல்ல. மூலைக்கடை சாகோவின் தொலைபேசியில் பேசினால் அரிசி வாங்கிக்கொண்டு போனவள்கூட உப்பை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து காதை நீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன். கரும்பாலைப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவதோடு நின்றவள் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்து வாசி, ஒரு வரியையும் தாண்டிப் போகாதே.

எனக்கு வெட்கமாக இருக்கிறது மகனே. ஒரு வாரமாக முன்வாசல் கதவைப் பாதிதான் திறந்து வைத்திருக்கிறேன். அந்த பேஸ்பால் ஆட்டத்து விஷயம்தான். நம் ஊர் அணி இந்தக் குளிர்காலம் உன்னை வேண்டாம் என்று சொல்ல நீ தலைநகர்க்காரர்களுக்காக எறிய வந்தாய், நம் ஊர் மைதானமே உன்னைப் பார்த்து ஊளையிட்டது. எனக்கு இரண்டு வரிசை கீழே பக்கத்து வீட்டுக் காசிமிரா உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் உனக்குத் தெரியும். சுற்றி இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பெட்டியோட போவான், பெட்டியோட வருவான். அந்தப் பெட்டி பாத்த ஊரை அவன் கை பாக்கலையே! பெரிய லீக்ல அந்தப் பெட்டியையாவது சேத்துக்கச் சொல்லுங்கப்பா" என்றாள். சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று எனக்கு வரிசையாகத் தெரியும். பதினேழு வயதில் போனவன், மொன்டானாவில் பனி கொட்டும்போது கையை அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு எறிந்தவன், அயோவாவில் சோளக்காட்டு நடுவில், பிறகு தைவானில், பிறகு வெனிசுவேலாவில் என்று யார் கூப்பிட்டாலும் போய் எறிந்தவன், பெரிய லீகில் ஒரே ஒரு செப்டம்பர் மாதம் நின்று அதிலும் இரண்டு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள்தான் அவள் மகன் அர்ஹெனிஸ் மட்டையோடு வந்து நின்றான், உன் பந்து போய் அவன் இடது கையில் விழுந்தது.

எலும்பு முறிந்த சத்தம் கேட்டது என்று கீழே இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்குக் கேட்கவில்லை, நான் அதற்குள் உட்காரும் பலகை மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தேன். "பாத்தியாடி காசிமிரா, என் பால் குடிச்சவன்டி அவன், வாய்க்கு வந்தபடி பேசினா சும்மா விடுவானா!" என்று கத்தினேன். நீ பந்து எறிகிற மேட்டில் அசையாமல் நின்றாய். தலை குனியவில்லை, அந்தப் பையனைப் போய்ப் பார்க்கவில்லை. அதைப் பார்த்து நான் இன்னும் துள்ளினேன். மறுநாள் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது, நீ தலைநகர் போய்விட்டாய். இரண்டு கோழி அடித்து, ஆட்டெலும்பு போட்டு, மரவள்ளி வெட்டிப் போட்டு, தெருவுக்கே சாங்கோச்சோக் குழம்பு வைத்தேன். கோப்பை ஜெயித்தால் வைக்கிற அண்டாவில் வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்ட கையோடு அந்தப் பையன் வந்து இறங்கி வீட்டுக்குள் போகும்போது நான் கரண்டியோடு வாசலில் நின்று, காசிமிராவைப் பார்த்து, "எலும்பு கூடறதுக்கு நல்லதுடி, உன் மகனுக்கும் ஒரு கிண்ணம் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். அவள் என் முகத்தில் துப்பவில்லை, வாசலில் துப்பிவிட்டு உள்ளே போனாள். அடுத்த வாரம் அமெரிக்கப் பெரிய லீக் முகாமுக்குப் போக வேண்டிய பையன் அவன். அவன் இடத்தை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத் தூங்கினேன்.

போன திங்கட்கிழமை காலையில் வாழைக்காய் மசித்துக்கொண்டிருந்தேன், அர்ஹெனிஸ் வாசலில் வந்து நின்றான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து உலக்கையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போனேன். அவன், "தோன்யா ஒலிம்பியா, அதைக் கீழ வைங்க, எனக்கு ஒரு கைதான் இருக்கு இப்ப" என்று சிரித்தான். உள்ளே வந்து அடுப்படியிலேயே உட்கார்ந்தான். எடுத்த எடுப்பில், "அந்தப் பந்தோட தையலை நான் பாத்தேன் தோன்யா. மேலேர்ந்து உருண்டு வந்துச்சு. அது வளைபந்து" என்றான். எனக்குப் புரியவில்லை. "அதுக்கென்னடா?" என்றேன். "ஒருத்தன அடிக்கணும்னா எவனாவது வளைபந்தால அடிப்பானா? வேகமா நேர்பந்து எடுத்து விலாவுல போடுவான். இது கையை விட்டு நழுவின பந்து. அவருக்கு விரல்ல உணர்ச்சி போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றான்.

மகனே, கரும்பாலை வேலிக்கு வெளியே நின்று பேஸ்பால் பார்க்கத் தொடங்கினபோது எனக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. வளைபந்து எது, நேர்பந்து எது என்று கையைப் பார்த்தே சொல்லுவேன், இந்தத் தெருவில் ஆண்பிள்ளைகள் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அந்தப் பந்து என் கண் முன்னால் வளைந்து போனது, நான் பார்க்கவில்லை. பகை வந்து கண்ணை மூடிவிட்டது. அவன் சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவு வருகிறது. நீ இங்கே இருந்தபோது காப்பிக் கோப்பை உன் கையிலிருந்து விழுந்தது, என் அம்மாவின் கோப்பை என்று அரைநாள் உன்னைத் திட்டினேன். சட்டைப் பித்தானை இடது கையால் போட்டாய், என்னடா புதுப் பழக்கம் என்று கேலி செய்தேன். நாயேலிக்கு ஆரஞ்சு உரிக்கத் தொடங்கி அவளிடமே திருப்பிக் கொடுத்தாய். பெற்றவள் நான் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன், அடிபட்டவன் பார்த்திருக்கிறான்.

"அப்புறம் ஏன்டா பேப்பர்காரன்கிட்ட வேணும்னே அடிச்சான்னு சொன்ன?" என்று அவனைக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நழுவிடுச்சுன்னு சொன்னா அவருக்கு முப்பத்தாறு வயசுல எவன் வேலை குடுப்பான்? கோவக்காரனுக்கு வேலை உண்டு தோன்யா. பந்து கையில நிக்காதவனுக்குக் கிடையாது" என்றான். அவன் சொன்னது போலத்தானே நடந்தது? முரட்டு ஆள் வேண்டும் என்றுதானே அந்த மெக்சிகோக்காரர்கள் உன்னை உடனே எடுத்துக்கொண்டார்கள்? முகாமை இழந்த பையன் உன் சோற்றுக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். நான் அவன் கண்ணெதிரே அண்டா வைத்து விருந்து போட்டிருக்கிறேன். அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன், மசியல் அடிப்பிடித்துவிட்டது, அதையும் அவன்தான் இறக்கி வைத்தான், ஒற்றைக் கையால்.

உடனே காசிமிரா காலில் போய் விழுகிறேன் என்று கிளம்பினேன். "அம்மாகிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. அவர் வேலை போயிடும், வேண்டாம்" என்று தடுத்துவிட்டான், நானும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவன் கேட்டது ஒன்றுதான். "என் எலும்பு கூடிடும் தோன்யா. அடுத்த ஆளுக்குத் தலையில பட்டா? டாக்டர்கிட்ட கையைக் காட்டற வரைக்கும் எறிய வேண்டாம்னு சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றான். அதைத்தான் இப்போது உனக்குச் சொல்கிறேன்.

காசிமிரா தினமும் வாசல் பெருக்கும்போது உன்னைச் சபிக்கிறாள். அர்ஹெனிஸ் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு வாயைத் திறப்பதில்லை. நானும் திறப்பதில்லை. நேற்று அவளுக்கே சந்தேகம் வந்து, "என்னடி, உன் நாக்கையும் மகனோட மெக்சிகோவுக்கு அனுப்பிட்டியா?" என்று கேட்டாள். நான் கேட்காதவள் மாதிரி உள்ளே வந்துவிட்டேன். சாகோ கடையில் ஆண்கள் இன்னும், "உங்க மகன் கை கைதான் தோன்யா!" என்று மேசையைத் தட்டுகிறார்கள். முன்பு அதைக் கேட்க வேண்டும் என்றே தீப்பெட்டி வாங்கப் போவேன். இப்போது நாயேலியை அனுப்புகிறேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், காசிமிராவை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அவள் மைதானத்தில் சொன்னது என்னோடு குழிக்குத்தான் வரும். ஆனால் அது எனக்கும் அவளுக்கும் உள்ள வழக்கு. அவள் பிள்ளையின் கையை அதில் இழுத்துப் போட்டது நான்.

நீ ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரியும். கெட்டவன் என்று சொன்னாலும் பரவாயில்லை, முடிந்துபோனவன் என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதானே? இத்தனை வருஷம் எத்தனை பேர் அதைச் சொல்லி உன்னை அனுப்பினார்கள், நான் அறிவேன். அதனால் நான் உன்னைத் திட்டவில்லை. என்னைத்தான் சொல்கிறேன், உன் பொய்க்கு மேளம் அடித்தவள் நான். ஆனால் உணர்ச்சியில்லாத விரலோடு இன்னொரு தாய் பெற்றவன் தலைக்கு நேரே நீ பந்தை எடுத்தால் அதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அங்கே முதல் ஆட்டத்துக்குள் நீயே உன் மேலாளரிடம் போய் என் கையைப் பாருங்கள் என்று சொல். வேலை போனால் போகட்டும். நீ சொல்லவில்லை என்றால், அன்றைக்குப் பலகை மேல் ஏறிக் கத்தினேனே, அதே தொண்டையோடு தெரு நடுவில் நின்று காசிமிராவிடம் நான் சொல்லுவேன், அர்ஹெனிஸுக்குக் கொடுத்த வாக்கையும் மீறிச் சொல்லுவேன். என் வாயால் வந்தால் அது காட்டிக்கொடுத்தது ஆகும். உன் வாயால் வந்தால்தான் அது அழகு. என்னை அதுவரைக்கும் தள்ளாதே.

அந்தோணியார் உன் விரல்களைக் காக்கட்டும், எறிவதற்கு இல்லாவிட்டாலும் ஆரஞ்சு உரிப்பதற்காவது. நாயேலியின் புது நன்மைக்கு வெள்ளைச் செருப்பு வாங்கும்போது ஒரு அளவு பெரிதாகவே வாங்கு, கால் வளர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அர்ஹெனிஸ் சாகோ கடையில்தான் இருப்பான், அங்கே தொலைபேசியில் கூப்பிடு. எனக்குப் பதில் எழுத வேண்டாம். நீ அவனிடம் பேசினாயா இல்லையா என்பது, மறுநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் எனக்குக் காலை வணக்கம் சொல்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

தலை நிமிர முடியாமல் இருக்கும்
உன் அம்மா,
ஒலிம்பியா