காலித் தட்டு

அன்பு மகளுக்கு,

நீ வேலை பார்க்கும் போலந்தில், கிறிஸ்துமஸ் விருந்தில் திடீரென்று வரும் விருந்தாளிக்காக ஒரு காலித் தட்டு வைப்பார்களாமே. படம் அனுப்பி, "எவ்ளோ அழகான பழக்கம்ப்பா!" என்கிறாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இங்கே ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் உன் அம்மா மூன்று வருஷமாக அதைத்தான் செய்கிறாள். எங்கள் விருந்தாளி டிசம்பர் வந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுவாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீ இல்லாததால் குல்குல் பலகாரத்தை நான் உருட்டினேன். "என்னங்க இது, குல்குலா, மரவட்டையா?" என்றாள் உன் அம்மா. சிரிக்காதே, கோபமாக இருக்கிறேன்.

நேற்று சாப்பிட உட்காரும்போது, "அந்தத் தட்டை எடுடி" என்று கத்தினேன். அவளும் எடுக்கக் கை நீட்டினாள். பிடித்துத் தடுத்தது நான்தான்.

ஈஸ்டருக்காவது வந்து தொலை.

இப்படிக்கு,
மரவட்டை உருட்டும் அப்பா