தொட்டிலோடு போன செடி

முருகன் துணை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
1934 ஆவணி

அன்புள்ள மகன் கன்னையாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. உன் அப்பாவும் நானும் சுகம். உன் தங்கை புஷ்பவல்லி சுகமில்லை, அதற்குக் காரணம் நீயும் உன் துரையும்தான். சிங்கப்பூரில் நீ சுகமாகத்தான் இருப்பாய், செய்கிற வேலை அப்படி. சின்ன வயதில் ரசத்தில் கிடக்கும் கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒட்டிவைப்பாய், இப்போது செடி ஆராய்ச்சி செய்யும் துரையின் கிடங்கில் காய்ந்த இலையைக் காகிதத்தில் ஒட்டச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

பத்துமலைக்குப் பின்னால் சுண்ணாம்புக் குன்றில், பாறை இடுக்கில் ஒரு வெள்ளைப்பூச் செடி இருந்ததே, போன தைப்பூசத்துக்கு வந்தபோது பூவைக் கிள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனாயே, அதே செடிதான். பிள்ளைவரம் கேட்பவர்கள் அதில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டுவது உனக்குத் தெரியாததல்ல. உன் தங்கையும் கட்டியிருந்தாள். இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவதுக்கு இப்போதுதான் வயிற்றில் ஆறு மாதம் ஆகிறது. பிள்ளை பிறந்தபின் அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டின கையே அவிழ்க்க வேண்டும், நடுவில் வேறு கை அவிழ்த்தால் கரு நிற்காது என்பார்கள்.

போன வாரம் உன் துரையும் இன்னொரு வெள்ளைக்காரரும் கழுத்தில் தகரப்பெட்டியை மாட்டிக்கொண்டு வந்தார்களாம். அங்கே பூ விற்கும் வள்ளியம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். செடிக்கு முன்னால் மண்டி போட்டுக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்களாம், நம்மவர்கள்கூட அவ்வளவு பக்தியாகக் கும்பிட்டதில்லையாம். உலகத்திலேயே இந்த ஒன்றுதான் கண்ணில் பட்டிருக்கிறது, உங்கள் கன்னையா சொல்லித்தான் வந்தோம் என்று கூட வந்த கணக்கெழுதும் கிராணி பெருமையடித்தானாம். அப்புறம் அதை வேரோடு பிடுங்கிச் சாக்கில் சுற்றினார்களாம். நேத்திக்கடன் தொட்டில் தொரை, தொடாதீங்க என்று வள்ளியம்மா கத்தினாளாம். அதையும் அவிழ்க்காமல்தான் கொண்டுபோகிறோம், ஜனங்கள் செடியை என்ன செய்கிறார்கள் என்பதும் படிப்புக்கு வேண்டும் என்றானாம் கிராணி. நல்ல படிப்பு. ஒரே பிள்ளை உள்ள வீட்டுக்குப் போய், அபூர்வமான பிள்ளை என்று கழுத்தைத் திருகி டப்பாவில் போட்டுக்கொள்வார்களா என்று உன் துரையைக் கேள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள், இவர்கள் செடியைக் கெடுத்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன, வழி காட்டினவன் என் வயிற்றில் பிறந்தவன்.

சேதி கேட்டதிலிருந்து புஷ்பவல்லி சோற்றைத் தொடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக் கிடந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. செடிதான் போனது, முடிச்சு அவிழவில்லை, அண்ணன் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறானாம், பிள்ளை பிறந்ததும் சிங்கப்பூருக்கே போய் அவிழ்க்கலாம் என்று சொன்னேன். அண்ணனா சொல்லுச்சு என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் எழுந்து கஞ்சி குடித்தாள். நீ ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இனி அது நீ சொன்ன சொல்.

காகிதத்தில் பரப்பும்போது அழகாக இருக்கட்டும் என்று எவனாவது துணியைப் பிரிக்கப் பார்ப்பான். வேலை போனாலும் சரி, விடாதே. மழையில் நனையாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உன்னை முருகன் காப்பாற்றட்டும், அந்த முடிச்சை நீ காப்பாற்று.

இப்படிக்கு,
உன் அம்மா
பவுனம்மாள்