எட்டாம் நாளுக்கு முன் போனவள்

கேப் கோஸ்ட்,
ஞாயிறு, கோயில் முடிந்து

அன்பு மகள் அராபாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், கடவுள் அந்த மட்டுக்கும் கைவிடவில்லை. நீயும் மாப்பிள்ளை ஃபீஃபியும் நலமா என்று வழக்கம்போல எழுத வந்தேன், பிள்ளை போன வீட்டுக்கு அப்படி எழுதலாமா என்று பேனா நின்றுவிட்டது. நலமில்லை என்றால் இல்லை என்றே எழுது அம்மா, நாங்கள் தாங்கிக்கொள்வோம்.

அச்சகத்தில் வேலைக்குக் குறைவில்லை. இந்த ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் போதும், சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே என் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள், ஆளுயர இரங்கல் பேனர் வேண்டும், இறந்தவருக்குப் பத்து வயது குறைத்துக் காட்ட வேண்டும். போன வாரம் ஒரு மீன் வியாபாரிக்கு அச்சடித்தேன், அவர் மனைவி வந்து பார்த்துவிட்டு, "என் புருஷன் உசிரோட இருந்தப்போ இப்படிச் சிரிச்சதே இல்லையே, யாரு வாயை வெட்டி ஒட்டினீங்க?" என்று கேட்டாள். என் வாயைத்தான் என்று நான் சொல்லவில்லை. உன் மான்சா அத்தையின் வாய் மட்டும் யாருக்கும் ஒட்ட முடியாதது, ஒரு பேனருக்குள் அடங்காது.

கோச்சிடம் போகட்டுமா என்று நீ கேட்டதற்கு வருகிறேன். அங்கே ஒரு கோச் கிடைத்திருக்கிறாள், தினமும் காலையில் இலக்கு எழுத வைத்து, சீக்கிரமே உன்னைப் பழைய அராபாவாக ஆக்கிவிடுவதாகச் சொல்கிறாள், மாப்பிள்ளையோ கவுன்சலரிடம் போகலாம் என்கிறார், அதற்கு நீ "நான் என்ன பைத்தியமா" என்று அவர்மேல் எரிந்து விழுந்தாய், சரி. கடைசியில், காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்றே தெரியவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தொப்பையைப் பார்த்தால் இதை நீ நம்பமாட்டாய், ஆனாலும் உண்மை.

எனக்குத் தெரிந்த கோச் எல்லாம் விசில் ஊதுகிற ஆள்தான். அதனால் நம் பெயின்சிலிடம் போனேன். ஞாபகம் இருக்கிறதா, டை கட்டிக்கொண்டு கடைக்காரர்களுக்கு முன்னேற்ற வகுப்பு நடத்துகிறானே, அவன்தான். அவனைக் கேலி செய்தே பழகிப்போனேன், ஆனால் போன வருஷம் பெரிய பேனர் இயந்திரம் வாங்கத் தைரியம் கொடுத்து, வாராவாரம் வந்து விரட்டி, கடையை நிமிர்த்தி விட்டவனும் அவன்தான். உன் மகள் பிறந்து மூன்றாம் நாள் போனதைச் சொன்னேன். உன்னையும் கணினி வழியாக அவன் வகுப்பில் சேர்த்துக்கொள்வான், இலவசமாகக்கூட வாங்கிவிடலாம் என்ற கணக்கில்தான் போனேன். அவன் டையைத் தளர்த்திவிட்டு, எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அப்புறம், "அண்ணே, நான் கேக்கிற முதல் கேள்வியே அடுத்த வருஷம் எங்க நிக்கணும்னு ஆசைப்படுறீங்க, அதுதான். உங்க பொண்ணு இன்னும் அந்த மூணு நாள்லயே நிக்குது. அங்க போய் அதோட உக்கார எனக்குப் படிப்பு கிடையாது. நான் விரட்டினா அது ஓடும், ஓடி எங்கேயாவது விழும். முதல்ல கவுன்சலர்கிட்ட அனுப்புங்க, இன்னைக்கே அனுப்புங்க" என்றான். தேடி வந்த ஆளையே வேண்டாம் என்று ஒரு வியாபாரி திருப்பி அனுப்பினால் விஷயம் பெரியது என்று எனக்கே புரிந்தது.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். மான்சாவும் அங்கே இருந்தாள், உனக்கு ஃபோனில் சொன்னதையே திரும்பச் சொன்னாள், "எட்டாம் நாள் பேர் வைக்கிறதுக்கு முன்னால போனா அது பிள்ளை இல்ல, விருந்தாளி. விருந்தாளிக்கு யாராவது அழுவாங்களா? அழுதா அடுத்தது வராது" என்று. ஊர் வழக்கம் அதுதான், அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் அம்மா மீனை அடுப்பிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். "மதனி, நிறுத்துங்க. எனக்கும் இதைத்தான் சொன்னீங்க. நான் அழல. அராபாவைப் பெத்து, வளத்து, கட்டிக்கொடுத்தாச்சு, இன்னமும் அழல. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கோயில்ல எதுக்கு உக்காந்திருக்கேன்னு நினைச்சீங்க? என் க்வேசிக்காக உக்காந்திருக்கேன்" என்றாள். அராபா, உனக்கு முன் ஒருவன் வந்து போனது உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பிறந்தவன், அதனால் க்வேசி. அவனுக்கு ஒரு பெயர் இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது எனக்கும் அன்றுதான் தெரிந்தது. மீன் கரிந்தது, மான்சா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அன்று உன் அம்மா அழுதாள், நானும்.

ஆகவே அப்பா சொல்வது இது. கோச் எங்கும் போய்விட மாட்டாள். நீ மறுபடி வேலைக்குத் திரும்ப ஆசைப்படும் நாளில் அவளிடம் போ, பணம் நான் அனுப்புகிறேன். இப்போது கவுன்சலரிடம் போ. அது பைத்தியத்துக்கு இல்லை, பெயின்சிலே சொல்கிறான். நாளைக்கே கவுன்சலரை ஃபோனில் அழைக்க மாப்பிள்ளையிடம் சொல், அவரையும் கூட்டிக்கொண்டு போ, அவரும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்தான், அவர்மேல் எரிந்து விழாதே. எழுந்திருக்க முடியாத காலையில் எந்த நேரமானாலும் எங்களை எழுப்பு. கொடுத்தனுப்பிய மிளகாய்த் தொக்கைத் தொட்டுக்கொண்டு இரண்டு வாயாவது சாப்பிடு.

இன்னொன்று, இது உன் அம்மா சொல்லி எழுதுவது. கவுன்சலரிடம் "குழந்தை" என்று சொல்லாதே, பெயரைச் சொல். எட்டாம் நாள் பெயர் வைக்கும் உரிமை ஃபீஃபியின் அப்பாவுக்கு, அதில் நான் கைவைக்க மாட்டேன். ஆனால் கிழமைப் பெயரை யாரும் வைப்பதில்லை, பிறக்கும்போதே கூட வருகிறது. அவள் புதன்கிழமை வந்தாள். அவள் பெயர் எக்குவா. ஊரில் எல்லார் பெயரையும் அச்சடிக்கிறவன் அதை இன்று ஒரு சிறு அட்டையில் அடித்தேன், ஒன்றே ஒன்று, இத்துடன் வைத்திருக்கிறேன். உனக்குத் தோன்றும் இடத்தில் வைத்துக்கொள்.

எங்கள் முன்னோரும் கடவுளும் உன்னையும் ஃபீஃபியையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும். நாளைக்கே, மறந்துவிடாதே.

அவளைப் போலவே ஒரு புதன்கிழமையில் பிறந்த,
எக்குவாவின் தாத்தா,
உன் அப்பா
க்வேக்கு எசுமன்