முதலில் அச்சேறிய பெயர்

இன்று காலை மழை விட்டதும் சமையலறை வாசற்படியில் ஒரு தேரை வந்து உட்கார்ந்தது. முதுகெங்கும் கரும்புள்ளி. என்னையறியாமல் ‘மெலனோஸ்டிக்டஸ்’ என்றேன். கிரேக்கத்தில் கரும்புள்ளி உடையது என்று பொருள். என் உச்சரிப்பைத் திருத்த நீ இல்லை.

கண்டியில் ஒரே பாடசாலையில் நாம் விலங்கியல் படிப்பித்த காலமெல்லாம் தவளைப் பெயர்கள்தான் தேநீரோடு நமக்குக் கிடைத்த பலகாரம். நம் மலைகளின் புதர்த்தவளைகளுக்கு முதலில் ‘தன்னையே நேசிப்பது’ என்ற பொருளில் பெயர் இருந்தது. அவை வேறு இனம் என்று பிறகு தெரிந்ததும், முன்னால் ‘பொய்’ என்று பொருள்படும் ஒரு சொல்லை ஒட்டினார்கள். “நம்ம பிரின்சிபலுக்கு இதையே வைக்கலாம்டா, அந்தப் பொய்ய மட்டும் எடுத்துட்டு” என்றாய். சொன்ன கையோடு அவரிடமே போய்க் கரும்பலகைக்கு வெண்கட்டி கேட்டாய்.

‘கண்டியானஸ்’ என்று கண்டியின் பெயரைச் சுமக்கும் தேரை, அழிந்தே போனதாக நெடுங்காலம் கருதப்பட்டு, கடைசியில் கண்டியில் அல்ல, சிவனொளிபாதமலைக் காட்டில் அகப்பட்டது. “நான் இந்தியாவையே பாத்ததில்ல, என்னைய இந்தியத் தமிழன்னு பதிஞ்சு வச்சிருக்காங்க. அதும் நம்ம ஆளுதான்” என்றாய்.

முதலில் அச்சேறிய பெயருக்கே உரிமை, பொருந்தாவிட்டாலும் மாற்றக்கூடாது என்ற பெயரிடல் விதியை ஆண்டுதோறும் நீதான் படிப்பித்தாய், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். ஹேவாஹெட்ட தோட்டத்தில் நீ பிறந்தபோது, பதிய வந்த கிளாக்கர் “யாரு பேரப் பதியணும்?” என்றிருக்கிறார். எந்தப் பிள்ளை என்று கேட்பதாக நினைத்த உன் அப்பா, “சின்னவனுங்க” என்றிருக்கிறார். அடையாள அட்டை முதல் ஓய்வூதியம் வரை நீ சின்னவன். உன் அம்மா காதில் ஓதிய பெயர் வீட்டோடு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கல்லுலயாவது அம்மா வச்ச பேரு இருக்கணும்டா. சின்னவன்னு அடைப்புக்குறிக்குள்ள கூட போட்டுறாத” என்றாய். உன்னைத் தோட்டத்து மயானத்தில் புதைத்த பிறகு டோஹாவிலிருந்து உன் மகன் அழைத்தான். மரணச் சான்றிதழில் உள்ள பெயர்தான் கல்லிலும் வேண்டுமாம். உன் மனைவி எனக்குத் தேநீர் ஊற்றியபடியே தீர்ப்புச் சொன்னார்.

“அவரு கேட்டதப் போடுங்கண்ணே. சர்டிபிகேட்ட யாரும் குழிக்கு எடுத்துட்டு வரப்போறதில்ல.”

போட்டேன்.

ஆண்டுத் திதிக்கு உன் பழைய மாணவர்கள் மாலையோடு வந்திருந்தார்கள். தேயிலைக்கு நடுவே ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனவர்கள் உன்னையும் கடந்து போய்விட்டார்கள். ஒருத்தி திரும்பி வந்தாள். இப்போது அவளும் ஆசிரியை.

“சின்னவன் சேரக் காணோமே, சேர்?”

கையைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“இது யாரு சேர்?”

“அவர்தான்.”

என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மாலையைச் சாத்தினாள். வயதான மனிதரோடு எதற்கு வாதம் என்று நினைத்திருக்கலாம்.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு நான் நின்றேன். நீ கேட்டபடியே, கல்லில் ஓர் எழுத்துப் பிழையில்லை. அந்தப் பெயரால் உன்னை ஒருமுறை கூப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“சின்னவா” என்றுதான் வந்தது.