வேன் சாவியைத் தேடாதீங்க

என்னங்க,

நேரமாயிருச்சு, நான்தான் இன்னைக்கு கிளினிக்கைத் திறக்கணும். ரசமும் நெத்திலி சம்பாலும் மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

வேனை விக்க வேணாம்னு சொன்னதுக்கு நேத்து நீங்க கோவிச்சுக்கிட்டுப் படுத்துட்டீங்க. எனக்குத் தூக்கம் வரல. விடியக்காலையில வேனுக்குள்ள போய், ஊர் சுத்தப் போறப்ப படுக்கன்னு நாம அடிச்ச கட்டிலுக்கு அடியில இருந்த பலகையைக் கழட்டினேன். கரப்பான் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. ஆயுத பூசைக்குப் படைச்ச பொரி, அவல், கடலை எல்லாம் பையோட அங்கயே கிடக்கு! சாமிக்கு வச்சதைக் குப்பையில போடக் கூடாதுன்னு நீங்கதானே உள்ள தள்ளி வச்சீங்க? அதுங்க குடும்பத்தோட விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்குதுங்க. இதுக்குப் போயி ராசியில்லாத வேன்னு விக்கக் கிளம்பிட்டீங்களே!

பொரியை வாழை மரத்தடியில கொட்டிட்டேன், பாவம் ஒண்ணும் வராது. போரிக் பவுடரைச் சீனி, பால் மாவோட பிசைஞ்சு உருட்டி வேன் அடுப்புக்குப் பின்னால வச்சிருக்கேன். ஸ்ப்ரே அடிக்காதீங்க, அந்த வாடைக்கு அதுங்க உருண்டை கிட்டயே வராது. சாம்பிராணியும் வேணாம் லா. போன தடவை நீங்க போட்ட புகைக்குக் கரப்பான் எல்லாம் வீட்டுக்குள்ள ஓடி வந்தது பத்தாதா?

சாயங்காலம் அசாம் ஜாவா ஊர்லேருந்து சுகுமாறன் வேனை விலைக்குப் பார்க்க வந்தா டீ போட்டுக் குடுங்க. விக்கலைன்னு நீங்களே சொல்லிடுங்க.

மோகனா

சாவி என் கைப்பையில இருக்கு.

இன்னொண்ணு. கட்டில் அடிச்சு, அடுப்பு வச்சு, இன்னும் ஒரு ராத்திரிகூட நாம அதுல வெளியூர்ல தங்கல. ஞாயித்துக்கிழமை நான் பினாங்குக்குக் கிளம்புறேன். நீங்க வரலைன்னா நானே ஓட்டிக்கிட்டுப் போவேன்.

வர்றீங்கன்னா வாங்க. பொரி மட்டும் வேணாம்.