விரல் தெரிந்தால் போதும்

ஜூன் 14, தார்வாட்

பள்ளி விடுதியில் மஞ்சள் காமாலை. பிள்ளைகளை ஊருக்கு அனுப்பி இரண்டு வாரம் ஆகிறது. எப்போது திறப்பார்கள் என்று தலைமை ஆசிரியைக்கே தெரியவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியலைச் சைகையில் நடத்திப் படம்பிடித்து அனுப்புகிறேன் என்று நானே முன்வந்து மாட்டிக்கொண்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்பார்கள். பிள்ளைகளைப் போலவே காது கேளாத எனக்கு, கையைக் கொடுத்து.

முதல் பாடம் லென்ஸ் வில்லைகள். பன்னிரண்டு நிமிடம், 410 எம்பி.

ஜூன் 16

பதினோரு பேரில் நாலு பேருக்குத்தான் திறந்திருக்கிறது. நவல்குந்துப் பக்கத்திலிருந்து பாக்யஸ்ரீ எழுதியிருக்கிறாள்: "கறுப்பாத்தான் தெரியுது டீச்சர். அப்பா போன் பழசு. பாடம் வராட்டி ஹூப்ளி தையல் கம்பெனியில சேர்த்துடறேங்கிறார்."

பாக்யஸ்ரீயா? ஒரு சந்தேகத்தைத் தீர்ப்பதற்குள் இரண்டாவதைக் கேட்கிறவளா?

ஜூன் 17

கல்யாண வீடியோ கடை மக்தூமிடம் போனேன். தாளில் எழுதிக் காட்டினார்: "உங்க போன் புது முறையில பதியுது மேடம். பழைய போனுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது." எச்.264, எம்பி4 என்ற பழைய முறைக்கு மாற்றினார். எந்த ஓட்டைப் போனிலும் ஓடுமாம். அளவைக் குறைக்க, நொடிக்கு முப்பது படங்களைப் பன்னிரண்டாக்கினார். இப்போது 60 எம்பி.

ஜூன் 18

எல்லோருக்கும் திறந்துவிட்டது! ஆனால் பிள்ளைகள் எழுதுகிறார்கள் —

"உங்க விரல் எங்க போச்சு டீச்சர்? கை தாவுது."

போட்டுப் பார்த்தேன். உண்மைதான். குவிவில்லையிலிருந்து குழிவில்லைக்கு என் கை திரும்புகிற அந்தக் கணத்தைக் காணோம். இதை வைத்து என்னத்தைப் படிக்கும் அதுகள்?

பாக்யஸ்ரீயை அவள் அப்பா ஈரப்பா திங்கட்கிழமை தையல் கம்பெனிக்குக் கூட்டிப் போகிறாராம்.

ஜூன் 19

மக்தூமோடு தாளிலேயே சண்டை. "படத்தைக் குறைக்காம எப்படி மேடம்? சத்தத்துல கை வைக்கல, தெளிவா இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்று எழுதினார். நான் அவரையே பார்த்தேன். எழுதியதைத் திரும்பப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

காது கேளாத பதினோரு பிள்ளைகளுக்கு என் வீட்டு மின்விசிறிச் சத்தம், பதினோரு எம்பி! நீக்கினார். பிறகு நான் எழுதினேன்: "முப்பதும் வேணும். படத்தைச் சின்னதாக்குங்க."

"360-க்குக் கொண்டுவந்தா மங்கும் மேடம்."

"மங்கட்டும். என் மூக்குத்தி தெரிய வேணாம். விரல் தெரிஞ்சா போதும்."

சிரித்துக்கொண்டே கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: "பூப்போட்ட புடவை கட்டாதீங்க. ஒவ்வொரு பூவும் இடத்தை அடைச்சுக்கும்."

ஜூன் 20

வெறும் சுவர், நீலப் புடவை, இடுப்புக்கு மேலே மட்டும். முதலிலிருந்து எடுத்தேன். 38 எம்பி. என் பழைய போனிலும் ஓட்டிப் பார்த்தேன் — ஒவ்வொரு விரலும் தனித்தனியாக. அனுப்பிவிட்டேன்.

ஜூன் 21

பத்துப் பேர் பார்த்துவிட்டார்கள். பாக்யஸ்ரீ இல்லை.

ஜூன் 22

ஈரப்பாவே எழுதியிருந்தார். "உங்க வீடியோவுல சத்தம் வரல மேடம். போன் கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணா. சத்தமே வைக்கல. உங்க பொண்ணு பாக்கிறதுக்குன்னு செஞ்சது" என்று பதில் போட்டேன்.

அத்தோடு சரி, ஒன்றும் வரவில்லை. குத்திக்காட்டினதா எடுத்துக்கிட்டாரோ? கொஞ்சம் பதமா எழுதியிருக்கக் கூடாதா நான்?

ஜூன் 23

திங்கள். ஒரு தகவலும் இல்லை.

ஜூன் 25

மத்தியானம் ஈரப்பாவின் எண்ணிலிருந்து ஒரு வீடியோ. பாக்யஸ்ரீ! மாட்டுக்கொட்டகைச் சுவர்முன் நின்று விரல் நீட்டிக் கண்டிக்கிறாள்: "ஏழாவது நிமிஷத்துல குழிவில்லைக்குக் குவிவில்லை காட்டிட்டீங்க டீச்சர். எது சரி? பரீட்சையில எதை எழுத?"

ஓட்டிப் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது!

அவள் முடிப்பதற்குள் தலைப்பாகையோடு ஒருவர் உள்ளே நுழைந்தார், ஈரப்பா. மகளைப் பார்த்துப் பார்த்துச் சைகை செய்தார். போனைக் காட்டினார். வீடு என்று கைகளால் கூரை போட்டார், தலைகீழாக. தன்னைத் தொட்டு, வயல் பக்கம் கை நீட்டினார். நான் வயலுக்குப் போகிறேன், போன் இவளுக்காக வீட்டிலேயே இருக்கும் என்கிறார்.

நாளை இரண்டாம் பாடம் எடுக்க வேண்டும். நீலப் புடவையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.